நம்பிக்கையும் ஓர் உணர்ச்சிதான்

இலக்கியம் பேசும் இடத்தில் வட்டிக்கும் வைப்புத்தொகைக்கும் பங்குச்சந்தைக்கும் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கலாம். தமிழில் எழுதுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் பணத்தோடு இருக்கும் உறவே சற்று விசித்திரமானது. பணத்தைப் பற்றிப் பேசுவதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறோம். பணமின்றி ஓர் எழுத்தாளன் அல்லற்பட்டு மாண்டால் அதைக் காவியமாக்கிக்கொள்கிறோம். புதுமைப்பித்தன் தம் இறுதிக் காலத்தில் பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ் என்ற பெயரில் படக் கம்பெனி தொடங்கிக் கைப்பொருளை இழந்ததை நாம் துயரக்கதையாகவே சொல்லி வருகிறோம். அதில் ஒரு முதலீட்டுப் பிழையும் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அது மரியாதைக் குறைவாகிவிடும்.

ஆனால் மயிலாப்பூரின் வரலாற்றில் இவ்விரண்டும் இவ்வளவு தொலைவில் இருந்ததில்லை. வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரை இலக்கிய வாசகர்கள் பாரதியின் வரலாற்றில் சந்தித்திருப்பார்கள். அரசியலில் மிதவாதியாக இருந்தும், தீவிரவாதிகளின் அணியில் நின்ற பாரதியின் பாடல்கள் சிலவற்றை 1907இல் சிறு வெளியீடாக அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் அவர். அதே 1907இல் அவர் முன்னின்று செய்த இன்னொரு காரியம் இந்தியன் வங்கியைத் தொடங்கியது. மார்ச் மாதம் பதிவு செய்யப்பட்ட அவ்வங்கி, ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது. அந்த வங்கி ஏன் தேவைப்பட்டது என்ற கதையிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவதே பொருத்தம்.

*

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி, சென்னையின் ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. 1810 முதல் வரலாறு கொண்டது அந்நிறுவனம். ஆட்சி செய்பவர்களின் இனத்தைச் சேர்ந்தவர்களால் நடத்தப்பட்டது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் நகரின் பெரிய மனிதர்களில் ஒருவர். ஓய்வூதியக்காரர்கள், அரசு ஊழியர்கள், விதவைகள், ஜமீன்தார்கள் எனப் பலரும் தங்கள் சேமிப்பை அங்கே வைத்திருந்தார்கள். கம்பெனியின் லண்டன் கூட்டாளியான மக்ஃபேடியன் அங்கே ஊகவணிகத்தில் பெரும் பணத்தை இழந்து அதே மாதம் தற்கொலை செய்துகொண்டார். அவரைத் தொடர்ந்து சென்னைக் கட்டடமும் சரிந்தது. சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. வைப்பாளர்களுக்காக வாதாடியவர் கிருஷ்ணசாமி ஐயர்.

இந்தக் கதையில் நம் கவனத்துக்குரியவர் ஆர்பத்நாட் அல்லர், பணத்தைப் போட்டவர்களே. அவர்கள் பேராசைக்காரர்களா? ஊகவணிகத்தில் ஈடுபடும் துணிச்சல் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அந்த நகரத்தின் மிக எச்சரிக்கையான மனிதர்கள் அவர்கள். எச்சரிக்கையின் காரணமாகவே ஆர்பத்நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். தாங்கள் செய்யத் துணியாத சூதாட்டத்தைத் தங்கள் பணம் லண்டனில் செய்துகொண்டிருந்தது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

முதலீடும் உணர்ச்சியும் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் இரண்டு பகைவர்களைத்தான் சுட்டுகின்றன: ஆசையும் அச்சமும். சந்தை ஏறும்போது ஆசையால் வாங்குகிறோம், இறங்கும்போது அச்சத்தால் விற்கிறோம், இரண்டிலும் நஷ்டப்படுகிறோம் என்பது அவற்றின் சாரம். அது உண்மைதான். ஆயினும் எங்கள் பகுதியில் சேமிப்பை இழந்தவர்களை எண்ணிப்பார்த்தால், பெரும்பாலோரை வீழ்த்தியது ஆசையும் அன்று, அச்சமும் அன்று. நம்பிக்கை. நம்பிக்கையை நாம் ஒரு நற்குணமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். அதுவும் ஓர் உணர்ச்சிதான், மற்றவற்றைப் போல அதையும் கண்காணிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை சொல்ல விரும்புவது.

*

நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து 2024இல் மயிலாப்பூர் மாட வீதியிலேயே நடந்ததைப் பார்ப்போம். மயிலாப்பூர் இந்து பெர்மனெண்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கப்பட்டது. ஆர்பத்நாட் வீழ்ந்தபோதே அதற்கு வயது முப்பத்து நான்கு. சட்டத்தின் மொழியில் அது ஒரு ‘நிதி’. அதாவது, உறுப்பினர்களிடம் மட்டும் வைப்பு வாங்கி, நகை, வீடு போன்ற ஈட்டின் மேல் உறுப்பினர்களுக்கு மட்டும் கடன் கொடுக்கும் அமைப்பு. பேட்டை மனிதர்கள் தங்களுக்குள் பணத்தைச் சேர்த்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்வதற்குக் கண்டுபிடித்த நல்ல ஏற்பாடு அது. பல தலைமுறைகள் அதனால் வீடு கட்டின, பெண்களுக்குத் திருமணம் செய்தன.

2024இல் அங்கே கொடுக்கப்பட்ட காசோலைகள் திரும்பின என்றும் முதிர்ந்த வைப்புகள் கைக்கு வரவில்லை என்றும் புகார்கள் எழுந்தன. ஆகஸ்ட் மாதம் அதன் நிர்வாக இயக்குநரைப் பொருளாதாரக் குற்றப் பிரிவு கைது செய்தது. எவர் எந்தக் குற்றம் செய்தார் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நாங்கள் அதில் நுழையவில்லை. எங்கள் மனத்தில் நிற்பவர்கள் புகார் கொடுக்க வரிசையில் நின்ற முதியவர்கள். பணி ஓய்வின்போது கிடைத்ததை அப்படியே அங்கே வைத்துவிட்டு, வட்டியில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

இவர்களை, 2022இல் வெளிச்சத்துக்கு வந்த ஆருத்ரா கோல்டு நிறுவன வழக்கோடு சேர்த்துப் பேசுபவர்கள் உண்டு. அது சரியன்று. ஆருத்ரா விவகாரத்தில் மாதத்துக்கு 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டது என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. அதில் ஆசைக்கு இடம் இருக்கிறது. ஒரு ‘நிதி’யோ ஆண்டுக்கே பன்னிரண்டரை சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுக்கச் சட்டம் இடம்தருவதில்லை. மாட வீதியில் பணம் போட்டவர் வங்கியை விடச் சற்றுக் கூடுதலாக எதிர்பார்த்தார், அவ்வளவுதான். அவர் உண்மையில் வாங்கியது வட்டியை அன்று, பரிச்சயத்தை. அப்பா கணக்கு வைத்திருந்த இடம், கபாலீசுவரர் கோயிலுக்குப் போகும் வழியில் எட்டிப்பார்க்கக்கூடிய இடம், பெயர் சொல்லி வரவேற்கும் இடம்.

பரிச்சயம் என்ன செய்கிறது? முதலில், கேள்வி கேட்பதைக் கூச்சமாக்குகிறது. தெரியாத நிறுவனத்திடம் ஆண்டறிக்கையைக் கேட்பதில் நமக்குத் தயக்கமில்லை. ‘வாங்கோ சார்’ என்று எழுந்து நிற்பவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவாரே! நூற்றைம்பது ஆண்டுப் பழமை ஒரு பதிலைப் போலத் தோன்றுகிறது. ஆனால் பழமை என்பது கடந்த காலத்தில் அதை நடத்தியவர்களின் நேர்மைக்குச் சான்று. இன்று நாற்காலியில் இருப்பவரைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ஆர்பத்நாட்டுக்கும் வீழும்போது வயது தொண்ணூற்றாறு.

அடுத்தபடியாக, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கச் சொல்கிறது. ஆசைக்காரன்கூட நான்கு இடங்களில் போட்டுப் பார்ப்பான். நம்பிக்கை உள்ளவருக்கு அது தேவையற்றதாகப் படுகிறது. நல்ல இடம் ஒன்று தெரிந்தபின் வேறிடம் எதற்கு?

*

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டுக் கதையையும் மறைப்பதற்கில்லை.

1994இல் அப்பா அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். கையில் வந்த தொகையில் முக்கால் பங்கைத் தியாகராய நகரில் அலுவலகம் வைத்திருந்த ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். வங்கிகள் பன்னிரண்டு சதவீதம் அளவில் கொடுத்த நாட்களில் அவர்கள் பதினெட்டு கொடுத்தார்கள். அந்த ஆறு சதவீத வேறுபாடே ஓர் எச்சரிக்கை என்பது இன்று எங்களுக்குத் தெரிகிறது. அன்று அப்பாவைக் கேட்டிருந்தால், வட்டியைக் காரணமாகச் சொல்லியிருக்க மாட்டார். அவரோடு இருபது ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர், பிரதோஷம் தவறாமல் கோயிலுக்கு உடன்வருபவர், அந்நிறுவனத்துக்கு முகவராக இருந்தார். “நானே போட்டிருக்கேன், அப்புறம் என்ன?” என்று அவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தபடி சொன்னது எங்களுக்கு நினைவிருக்கிறது.

அவர் பொய் சொல்லவில்லை. நிறுவனம் மூடப்பட்டபோது அவருடைய பணமும் போயிற்று. அவருக்கு அதைச் சிபாரிசு செய்தவரின் பணமும் போயிற்று. அந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் இன்னொருவரை நம்பினார்கள். நிறுவனத்தின் கணக்கை யாரும் பார்க்கவில்லை. ஏமாற்றுக்காரன் எங்கோ தொலைவில் இருந்தான். நடுவில் இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்.

அப்பா சில மாதங்கள் அந்த அலுவலக வாசலுக்குப் போய் வந்தார். பிறகு நிறுத்திவிட்டார். நண்பரோடு சண்டை எதுவும் போடவில்லை. கோயிலுக்கு மட்டும் வேறு நேரத்தில் போகத் தொடங்கினார். அம்மாவுக்கு எவ்வளவு போயிற்று என்பது அப்பா காலமான பிறகுதான் தெரிந்தது. அவர் ரசீதுகளைக் கிழித்துப்போடவில்லை. ஜாதகங்கள் இருந்த பெட்டியில், பிளாஸ்டிக் உறையில், மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். பணம் போனதை விட, அதைப் பத்து ஆண்டுகள் ஒருவரிடமும் பேசாமல் அவர் வைத்திருந்ததுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

அந்தக் காலத்தில் தமிழகமெங்கும் இப்படிப் பல நிறுவனங்கள் கவிழ்ந்தன. தேக்கு மரத்தைக் காட்டிப் பணம் திரட்டிய சென்னையின் அனுபவ் நிறுவனம் 1998இல் வீழ்ந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டே தமிழக அரசு வைப்பாளர் நலன் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, வைப்பாளர்களுக்குப் பகிர்ந்தளிக்க அது வழிசெய்கிறது. பயனுள்ள சட்டம்தான். ஆனால் அது தீயணைப்பு வண்டியைப் போன்றது. வீடு எரிந்த பிறகே வரும். எழுபது வயதுக்காரருக்கு அது வந்து சேரும் காலம் பெரும்பாலும் போதுவதில்லை.

*

இதற்கெல்லாம் மறுமொழியாக, இனி யாரையும் நம்பாதிருப்பதே வழி என்று சொல்பவர்களும் உண்டு. குறிப்பாக எங்கள் அடுத்த தலைமுறை. தாத்தாவின் நிதியும் அப்பாவின் சீட்டும் பட்ட பாட்டைப் பார்த்த அவர்கள், மனிதர்களை நம்பாமல் கைபேசித் திரையை நம்புகிறார்கள். அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும், பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போகும் இளைஞர்களிடம் பேசினால், பங்குச்சந்தையின் எஃப் அண்ட் ஓ வணிகத்தில் கைவைக்காதவரைக் காண்பது அரிதாக இருக்கிறது.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு இவர்களைப் பற்றியது. 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அவ்வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் வணிகத்தை விடாமல் தொடர்ந்தார்கள் என்பதையும் அவ்வாய்வு சொல்கிறது.

கடைசி வரியில்தான் மனம் தெரிகிறது. இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியை விடப் பெரிது என்று டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். அந்த வலியை ஒப்புக்கொள்ள மனமின்றி, விட்டதைப் பிடிக்க மேலும் போடுகிறோம். மனிதர்களை நம்பாத இளைஞன் நம்பிக்கையிலிருந்து விடுபட்டுவிடவில்லை. நம்பிக்கையைத் தன் சாமர்த்தியத்தின் மேல் மாற்றிவைத்திருக்கிறான். அந்தச் சாமர்த்தியத்தின் ஆண்டறிக்கையையும் அவன் கேட்டதில்லை.

தியாகராய நகரின் உஸ்மான் சாலையில் வேறொரு வகை நம்பிக்கை. தங்கம் ஒருநாளும் ஏமாற்றாது என்பது நம் வீடுகளில் கேள்வி கேட்க முடியாத கொள்கை. தங்கம் நல்ல சேமிப்புதான். நெருக்கடியில் பல குடும்பங்களைக் காப்பாற்றியதும் உண்மை. ஆனால் 2013க்குப் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் அதன் ரூபாய் விலை ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றதை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அது மட்டுமன்று, நகைச்சீட்டு கட்டும்போது நம்மிடம் இருப்பது தங்கமில்லை; கடைக்காரரின் வாக்குறுதி. அச்சீட்டுகள் பெரும்பாலும் பதினொரு மாதத்தோடு முடிவது ஏன் என்று யோசித்திருக்கிறோமா? பொருளுக்காக வாங்கிய முன்பணம் 365 நாட்களைத் தாண்டினால் அது வைப்புத்தொகையாகக் கருதப்பட்டு, நிறுவனங்களுக்கான கடுமையான விதிகளுக்குள் வந்துவிடும். கணக்கு பதினொன்றில் நிற்பதன் காரணம் அது. நாமோ அதை ஏதோ ராசியான எண்ணைப் போல ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

*

மயிலாப்பூரில் திருவள்ளுவருக்குக் கோயில் இருக்கிறது. அவருடைய நூலின் ஐம்பத்தோராம் அதிகாரம் தெரிந்துதெளிதல். அமைச்சர்களையும் அதிகாரிகளையும் தேர்ந்தெடுக்கும் அரசனுக்குச் சொன்னது என்று உரைகாரர்கள் கூறுவர். பணத்தை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் எவருக்கும் அது பொருந்தும். பாசத்தைக் காரணமாகக் கொண்டு ஒருவரைத் தேர்ந்தெடுப்பது மடமை என்கிறது. இரண்டு விதத் துன்பங்களையும் அது சேர்த்தே சொல்கிறது: சோதிக்காமல் நம்புவது ஒன்று, சோதித்து நம்பியபின் சந்தேகப்படுவது மற்றொன்று.

முதல் துன்பத்துக்கு 1906, 1998, 2024 ஆகிய ஆண்டுகளில் சான்று பார்த்தோம். இரண்டாவதற்கு 2020 சான்று. அவ்வாண்டு ஜனவரியில் 42,000ஐ ஒட்டியிருந்த சென்செக்ஸ், மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 26,000க்குக் கீழே முடிந்தது. நன்கு ஆராய்ந்து, பல நிறுவனங்களில் பரவிய மியூச்சுவல் ஃபண்டுகளில், பதினைந்து ஆண்டு நோக்கத்தோடு பணம் போட்டிருந்தவர்கள்கூட அந்த வாரத்தில் விற்றார்கள். ஆண்டு முடியும்போது குறியீட்டெண் 47,000ஐத் தாண்டியிருந்தது. விற்றவர்களின் ஆராய்ச்சி தவறாகிவிடவில்லை. அதன் மேல் நிற்க அவர்களால் முடியவில்லை. எல்லா வீழ்ச்சியும் இப்படி விரைவில் மீளும் என்றும் சொல்வதற்கில்லை. அதனால்தான் மூன்றாண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் வைக்கக்கூடாது என்கிறார்கள்.

ஆகவே கட்டுப்பாடு என்பது உணர்ச்சியை அடக்கி உட்கார்ந்திருக்கும் யோகப் பயிற்சி அன்று. உணர்ச்சி வரத்தான் செய்யும். அது வருவதற்கு முன்பே, நிதானமாக இருக்கும் ஒரு நாளில், முடிவுகளை எடுத்து எழுதி வைத்துவிடுவதே கட்டுப்பாடு.

எங்கள் வீட்டில் இப்போது கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறோம். எந்த ஒரு வாசலிலும் மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வைப்பதில்லை. அந்த வாசல் எவ்வளவு பழையதானாலும், உள்ளே இருப்பவர் எவ்வளவு வேண்டியவரானாலும். வங்கிக்கு மட்டும் இந்த அளவைத் தளர்த்திக்கொள்கிறோம். அதுவும் காப்பீட்டு எல்லைக்குள். 1960இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்ததைத் தொடர்ந்து பிறந்தது வைப்புக் காப்பீடு. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அது பாதுகாப்புத் தருகிறது. நிதிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் நகைச்சீட்டுக்கும் அது கிடையாது. பணம் போடும் முன் ஒரு கேள்வியையாவது உரக்கக் கேட்கிறோம்: இது திரும்பி வராவிட்டால் நாங்கள் யாரிடம் போக வேண்டும்? ரிசர்வ் வங்கியா, செபியா, கம்பெனி விவகார அமைச்சகமா? இக்கேள்விக்குச் சிரித்து மழுப்பும் இடத்தில் பணம் போடுவதில்லை. யார் வந்து எதைச் சொன்னாலும் ஒரு வாரம் கழித்தே முடிவு. அந்த ஒரு வாரத்தில் பல ‘அரிய வாய்ப்புகள்’ தாமாகவே காணாமல் போயிருக்கின்றன.

நண்பரிடம் ஆண்டறிக்கை கேட்பது முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ‘எல்லா இடத்திலும் கேட்பது எங்கள் வழக்கம்’ என்று சொல்லிவிட்டால் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. விதி பொதுவாக இருக்கும்போது யாருக்கும் அவமதிப்பில்லை. அப்பாவுக்கு இப்படி ஒரு வாக்கியம் கைவசம் இருந்திருந்தால், பணத்தோடு நண்பரையும் இழந்திருக்க வேண்டாம்.

*

கிருஷ்ணசாமி ஐயரிடம் திரும்புவோம். ஆர்பத்நாட்டின் வீழ்ச்சிக்குப் பிறகு, பணத்தைப் பானையில் போட்டுப் புதையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இன்னொரு வங்கியைக் கட்டினார். ஏமாந்த ஊருக்கு நம்பிக்கையை மறுபடி கொடுக்க அவருக்குத் தெரிந்த வழி அது. ஒருவரையொருவர் நம்பாமல் ஒரு பேட்டை வாழ முடியாது. மாட வீதியில் 1872இல் கூடிய மனிதர்களும் அதை அறிந்தே கூடியிருப்பார்கள்.

ஆனால் அந்தக் கதைக்குப் பின்னுரை ஒன்று உண்டு. ஏமாற்றத்தின் பாடத்திலிருந்து பிறந்த அதே இந்தியன் வங்கி, 1995–96இல் 1,300 கோடி ரூபாய்க்கும் மேல் நஷ்டம் காட்டியது. அன்று அதில் வைப்பு வைத்திருந்தவர்கள் எதையும் இழக்கவில்லை. அவர்களைக் காப்பாற்றியது வங்கியின் பெயரோ கிருஷ்ணசாமி ஐயரின் நினைவோ அன்று. 1969இல் நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கி அது. அதன் பின்னால் அரசு நின்றது, மூலதனம் போட்டது. வங்கி பிற்பாடு நிமிர்ந்தது. நல்ல மனிதர்கள் தொடங்கும் அமைப்பும் ஒருநாள் தடுமாறும். அன்றைக்கு நம்மைத் தாங்குவது எது என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்வது அவர்களை அவமதிப்பதாகாது.

வாசகர்களிடம் எங்கள் வேண்டுகோள் மிகச் சிறியது. ஒரு மாலையில் வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து, நம் பணம் எங்கெங்கே, எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரே தாளில் எழுதிப்பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை ஏன் அங்கே வைத்தோம் என்பதையும் எழுதுங்கள். ‘தெரிந்தவர் சொன்னார்’ என்ற விடை எத்தனை இடங்களில் வருகிறது என்று எண்ணுங்கள். எங்கள் வீட்டில் முதன்முறை எழுதியபோது ஏழில் ஐந்துக்கு அதே விடைதான் வந்தது. அம்மா அருகில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. பிறகு எழுந்து போய், தன் பெயரில் இருந்த அஞ்சலகப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவரை அது எங்களுக்குத் தெரியாது.